மோனோ வந்து தேறிய பையனுக்கு விளையாட்டு அனுமதி: எந்தக் கோடு?

கோவை கோடர்:
அமெரிக்கக் குழந்தை டாக்டர்களின் சிகிச்சைக் குறிப்பை (சார்ட்) படித்து இன்சூரன்ஸ் பில்லுக்குக் கோடு எண் போடும் ப்ராஜெக்டில் இருக்கிறேன். 14 வயதுப் பையன், பழைய பேஷன்ட். மோனோ (காய்ச்சலும் சோர்வும் தரும் வைரஸ் தொற்று) வந்து ஐந்து வாரம் ஆகிறது. மறுபடி கால்பந்து ஆட டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று பள்ளிப் படிவத்தோடு அம்மா கூட்டி வந்திருக்கிறார். சார்ட்டில் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை, ஆடலாம் என்று இருக்கிறது. டாக்டர் போட்டது விசிட்டுக்கு 99394 (வருடாந்தர செக்கப்), வந்த காரணத்துக்கு இசட் 02.5 (விளையாட்டுத் தகுதிப் பரிசோதனை). ஆனால் பையனுக்கு வருடாந்தர செக்கப் போன மாதம்தான் முடிந்தது. 99213 (சாதாரண விசிட்) என்று மாற்றி, இசட் 02.5-ஐ அப்படியே விடலாமா?

சென்னை ஆடிட்டர்:
படிவத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை இசட் 02.5-க்குத்தான் போகிறது. அது நல்லாயிருக்கிற பிள்ளை சீசனுக்கு முன்னால் வந்து செய்துகொள்ளும் தகுதிப் பரிசோதனைக்கு. நிறைய இன்சூரன்ஸ் அதற்குப் பணமே தராது. இந்தப் பையன் எதற்கு வந்தான்? மோனோவில் மண்ணீரல் வீங்கும், வயிற்றில் அடிபட்டால் கிழியலாம். முதல் மூன்று வாரம் ஆபத்து அதிகம். அதற்காகத்தான் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார். இது ஃபாலோ-அப். இசட் 09 (சிகிச்சை முடிந்த பின் பார்ப்பது) முதலில், அடுத்து இசட் 86.19 (முன்பு தொற்று நோய் இருந்தது). இசட் 02.5-ஐக் கீழே ஒட்டவும் வேண்டாம். கைட்லைன்படி இசட் 02 வரிசைக்கு முதல் இடம் மட்டும்தான்.

அப்புறம், "இன்னும் கொஞ்சம் சோர்வு" என்று சார்ட்டில் ஒரு வரி இருந்திருந்தால் கதையே வேறு. நோய் முடியவில்லை, அப்போது மோனோவுக்கே உரிய பி 27 வரிசை. எந்த வைரஸ் என்று டாக்டர் எழுதவில்லையென்றால் பி 27.90. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக வைரஸைக் குறிப்பிடும் பி 27.00 போடாதீர்கள்.

திருச்சி கோடர்:
சார், 99213-க்கு ஆதாரம் எங்கே? குணமான நோய், மருந்து இல்லை, டெஸ்ட் இல்லை. நான் ஒரு படி கீழே இருக்கிற 99212-தான் போடுவேன். அம்மா விவரம் சொன்னதை ஹிஸ்டோரியன் (நோயாளிக்குப் பதில் விவரம் சொல்பவர்) என்று 99213-க்கு ஆதாரமாகச் சேர்க்கலாமோ?

சென்னை ஆடிட்டர்:
சேர்க்க மாட்டேன். கைக்குழந்தை என்றால் சரி. 14 வயதுப் பையனுக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லத் தெரியும்; அம்மா சொன்னால்தான் ஆகும் என்று சார்ட்டில் இருக்க வேண்டும். டாக்டர் மொத்த நேரம் 20 நிமிடம் என்று எழுதியிருந்தால் 99213, பேச்சே இல்லை. எழுதவில்லையென்றால் நீங்கள் சொல்வதுதான்.

டெக்சாஸ் அம்மா:
நான் கோடர் இல்லை, பில் கட்டுகிறவள். செக்கப் என்றால் எங்களுக்குக் கையிலிருந்து காசு போகாது. இப்படி மாற்றினால் கோ-பே (விசிட்டுக்கு நாங்கள் கட்டும் பங்கு) கேட்பார்களே?

சென்னை ஆடிட்டர்:
கேட்பார்கள் அம்மா. ஆனால் 99394 என்றே அனுப்பினால் இந்த வருடச் செக்கப் முடிந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் தள்ளிவிடும். அப்புறம் முழு பில்லும் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் வரும். அதற்கு கோ-பே தேவலை.

கோவை கோடர்:
சார்ட்டை மறுபடி பார்த்தேன், நேரம் எங்கேயும் இல்லை. 99212, இசட் 09, இசட் 86.19 என்று மாற்றலாமா எனக் கேட்டு டாக்டருக்கு க்வெரி அனுப்பிவிட்டேன்.