பாதுகாப்பு உத்தரவு மீறப்பட்டும் வழக்குப் பதியவில்லை: வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் அருகே எங்கள் தோட்டத்துச் சாளையில் பெற்றோருடன் இருக்கும் என் தங்கைக்கு, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நடுவர் நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு வழங்கியிருந்தும், அவளுடைய கணவர் சென்ற வாரம் இரண்டு இரவுகள் வந்து கதவை உடைக்க முயன்றார். காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பேசித் தீராததால்தானே நீதிமன்றம் சென்றோம்! உத்தரவை மீறினால் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிரிவு 32-இன்படி அது பிணையில் விடத்தகாத குற்றமும்கூட. இனி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் செல்வதா, இச்சட்டப்படி பெண்களுக்கு உதவ அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வழியாக நடுவரிடமே முறையிடுவதா என்பதை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அம்மா இரவில் உறங்குவதே இல்லை.