மறு: வடத்தின் ‘வேகம்’ – சேர்வீதம் எனலாமா?

வணக்கம். கணினியோடு கருவிகளை இணைக்கும் யூஎஸ்பி வடத்தில் (கேபிளில்) தரவு போகும் அளவைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> எல்லாவற்றுக்கும் ‘வேகம்’ என்றே போட்டுவிடலாமே. யாருக்கும் புரியும்.

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கோப்புகளை நகலெடுக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்கும்போது, ஒரே திரையில் ‘வேகம்: 5 ஜிகாபிட்’, அதற்குக் கீழே ‘வேகம்: 400 மெகாபைட்’ என்று வந்து நின்றது. மூலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். 5 ஜிகாபிட் என்றால் 5000 மெகாபிட், 8 பிட் ஒரு பைட்; எட்டால் வகுத்தால் 625 மெகாபைட் அல்லவா வரவேண்டும், மீதி எங்கே என்று சோதித்துப் பார்த்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 வடத்தில் ஒரு திசையில் நொடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஆனால் தரவின் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாறித்தான் கம்பியில் ஏறுகிறது. சுழியமே நீளமாக வரிசைகட்டி வந்தால், ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெறும் முனைக்குத் தாளம் தப்பிவிடும். அதைத் தடுக்கவே இந்தக் கூடுதல் சுமை. ஆகவே 625 அல்ல, 500. தரவைப் பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் ஒட்டும் தலைப்புகளும், ‘கிடைத்தது’ என்று மறுமுனை அனுப்பும் ஒப்புகைகளும் போக, கைக்கு வருவது ஏறக்குறைய 400. 2013-இல் வந்த 3.1-இன் 10 ஜிகாபிட் முறையிலோ 128 பிட்டுக்கு 4 பிட்தான் கூடுதல். கம்பியில் ஓடுவது சரியாக இரு மடங்கு. வந்து சேர்வது அதற்கும் மேலே. இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கணக்கு எப்போதும் உதைக்கும்.

இன்னொரு வேடிக்கை. 1996-இன் 12 மெகாபிட் வடமானாலும் இன்றைய 80 ஜிகாபிட் வடமானாலும், குறிகை (சிக்னல்) கம்பியில் பயணிக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒளியின் வேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கூடியது ஒரு நொடிக்குள் திணிக்கும் பிட்டுகளின் எண்ணிக்கை. அதனால்தான் ‘வீதம்’ வேண்டும் என்கிறேன். பேச்சில் ‘இந்த கேபிள் வேகமா இருக்கு’ என்பது இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை.

சரி, முன்மொழிவு: கம்பியில் ஓடுவது குறிகைவீதம்; வந்து சேர்வது சேர்வீதம். ‘ஊருக்குப் போய்ச் சேர்ந்தாயா?’ என்கிறோமே, அந்தச் சேர்தல். வினைத்தொகை என்பதால் சேர்ந்தது, சேர்கிறது, சேரும் மூன்றும் அடங்கும். செயலியில் இதுவரையான சராசரி, இப்போதைய அளவு, எதிர்பார்ப்பு என மூன்று இடத்திலும் இதே சொல் உட்கார்ந்துகொள்கிறது.

சேர்வீதத்துக்குப் பதிலாக, போய் எட்டுவது என்ற பொருளில் வந்த ‘எட்டுவீதம்’ என்ற பரிந்துரையை ரசித்தேன். ஆனால் படிப்பவர் எட்டு சதவீதம் என்று நினைப்பார். பக்கத்திலேயே 8 பிட் கணக்கு வேறு இருக்கிறது! ‘அலைக்கற்றை’ என்றும் வைக்க முடியாது; அந்தச் சொல்லை நாளிதழ்கள் ஏற்கெனவே அலைபேசி அலைவரிசை ஏலத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. ‘விகிதம்’ இரண்டு அளவுகளின் ஒப்பீடு, இங்கே பொருந்தாது.

டைப்-சி துளைக்கு ‘அதிவேக வாய்’ என்ற பரிந்துரையை மட்டும் ஏற்க முடியவில்லை. டைப்-சி என்பது வடிவம். 24 தொடுமுனைகள், எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும், அவ்வளவே. உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் இருந்தால் 480 மெகாபிட்டுக்கு மேல் நகராது. மின்னேற்றத்துக்கென்று வரும் பல வடங்கள் இந்த வகைதான். ‘செருகுவாய்’ போதும். ‘போர்ட்’ என்பதற்குத் ‘துறை’ வேண்டாம், ‘துறை கிடைக்கவில்லை’ என்று திரையில் வந்தால் அமைச்சரவைச் செய்தி மாதிரி இருக்கிறது.

அப்புறம், தீராத ஒன்று. 2022-இல் வெளியான யூஎஸ்பி4-இன் இரண்டாம் பதிப்பில், தேவைப்பட்டால் ஒரு திசையில் 120, எதிர்த்திசையில் 40 ஜிகாபிட் என்று தடங்களைப் பிரித்துக்கொள்ளலாம். பெரிய திரைகளை இணைப்பவர்களுக்கு உதவும் ஏற்பாடு. அப்போது திசைக்கொரு பெயர் வேண்டும். ‘பதிவேற்ற, பதிவிறக்க’ என்பவை இணையத்தின் வாடையோடு வருகின்றன. இங்கே ஏறவும் இறங்கவும் எதுவுமில்லை. போக்குவரத்தை இரண்டாகப் பிரித்து ‘போக்கு’, ‘வரத்து’ என்று வைக்கலாமா? நீர்வரத்து என்கிறோமே. ஆனால் ‘போக்கு’ தனியே நின்றால் வேறு பொருள் தந்துவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை செயலியில் இரு திசைகளையும் காட்டும் அந்த இரண்டு வரிகளை மட்டும் மொழிபெயர்க்காமல் வைத்திருக்கிறேன்.