புதுப்பிப்பு: சிங்கப்பூர் கல்விக் கட்டண மானியம், கையெழுத்துப் போட்டாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: தம்பிக்கு சிங்கப்பூரில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது, அந்த அரசு தரும் டியூஷன் கிராண்டை வாங்கலாமா, 3 வருட ஒப்பந்தத்துக்குப் பயந்து விட்டுவிடலாமா என்று. வாங்கிவிட்டோம்.

"அரசு வேலைதான் பார்க்கணுமா?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவான ஏதாவது ஒரு நிறுவனத்தில் 3 வருடம் வேலை செய்தால் போதும், ஆனால் வேலையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

இழுத்தடித்தது ஜாமீன் விஷயம்தான், இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டார். மாமா நோட்டரி வக்கீல் ஆபீஸில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார், ஒப்பந்தத்தை மீறினால் மானியத்தை ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டுவட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்ப்பா, பாதியில ஓடி வந்துட மாட்டியே?" என்றார். தம்பி சிரித்தான், மாமா சிரிக்கவில்லை. அப்புறம் டீ வந்தது, கையெழுத்தும் விழுந்தது.

மானியம் போக மீதிக் கட்டணமும் அங்குள்ள மாணவர்கள் கட்டுவதைவிட அதிகம்தான். அதற்கு வங்கிக் கடன் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.