மறு: ரோல்பேக் – ‘பின்னுருட்டல்’ வேண்டாம், ‘மீளோட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயாவுக்கும் தம்பிக்கும் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக மடல்களைப் படித்துக்கொண்டே இருந்தேன். இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. தம்பி கேட்டது இது:

> ஸ்மாஷ் (எதிராளியை மேடையிலிருந்து அடித்து வெளியே தள்ளும் நிண்டெண்டோ ஆட்டத் தொடர்) வகைச் சண்டை ஆட்டங்களைப் போட்டிக்காக ஆடுபவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். கேடயம், விளிம்பு, பிடி எல்லாம் தமிழில் வந்துவிட்டன. ‘ரோல்பேக்’ (இணையத்தில் ஆடும்போது வரும் தாமதத்தைச் சமாளிக்கும் ஒரு முறை) என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்படியே விட்டுவிடலாமா?

ஐயா தந்த விடை:

> தரவுத்தளப் பாடங்களில் நான் ‘பின்னுருட்டல்’ என்று எழுதுகிறேன். சொல் ஒன்றுதானே, இங்கும் அதுவே இருக்கட்டும்.

ஐயாவின் சொற்களைப் பல ஆண்டுகளாக எடுத்து ஆள்பவன் நான். ஆனாலும் இந்த இடத்தில் அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். காரணத்தை விளக்க, முதலில் ஆட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஒளியிழைக்குள் செய்தி ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் போகும். எதிராளி 6,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அவர் அழுத்திய பொத்தான் என் கணினிக்கு வந்து சேரக் குறைந்தது 30 மில்லிநொடி ஆகும். கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். வழியில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும் இந்த இடைவெளி இருந்தே தீரும். அதை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

ஒரு வழி, காத்திருப்பது. என் பொத்தானையும் உடனே செயல்படுத்தாமல், எதிராளியின் பொத்தான் வந்து சேரும்வரை நிறுத்திவைப்பது. 2018இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் இப்படித்தான் இயங்குகிறது. இணைப்பு சீராக இருந்தால் பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் தடுமாறினாலும் இருவருக்கும் சேர்ந்து ஆட்டம் ஜவ்வு மாதிரி இழுக்கும். நேரில் பயிற்சி செய்து விரலில் ஏற்றிய தாளமெல்லாம் வீணாகிவிடும்.

இன்னொரு வழியில் காத்திருப்பே கிடையாது. என் பொத்தான் கிட்டத்தட்ட உடனே செயல்படும். எதிராளி என்ன அழுத்தினார் என்பது தெரியாத ஃபிரேம்களுக்கு, “கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்” என்று ஊகித்து ஆட்டம் முன்னே போகும். நொடிக்கு 60 முறை யாரும் விரலை மாற்றுவதில்லை என்பதால் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறினால்தான் வேலை. சேமித்து வைத்த பழைய நிலைக்கு ஆட்டம் திரும்புகிறது. உண்மையில் வந்த பொத்தானை வைத்து, அங்கிருந்து இப்போதைய ஃபிரேம் வரை எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுகிறது. இவ்வளவையும் ஒரே ஃபிரேமுக்குள் முடித்துவிட்டுப் புதுப் படத்தைக் காட்டுகிறது. நடுவில் ஓட்டிய ஃபிரேம்கள் திரையில் வருவதே இல்லை.

இந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள் ஐயா. தரவுத்தளத்தில் ரோல்பேக் என்றால் பாதியில் கெட்டுப்போன பரிவர்த்தனையை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோய் விடுவது. கதை அதோடு முடிந்தது. இங்கே திரும்புவது பாதி வேலைதான். மறுபடி முன்னே ஓடி வருவதுதான் மீதி. தப்பாகப் போட்ட தையலைப் பிரிப்பது மட்டும் ஒன்று, பிரித்துத் திரும்பத் தைத்து முடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லால் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் ஆடுபவர்களுக்கு மட்டும் தெரிவது. இந்த வகை ஆட்டங்களில் கேடயம் பிடித்தபடி உருண்டு தப்புவது ஓர் அடிப்படை அசைவு. முன்னால் உருளலாம், பின்னால் உருளலாம். கையேட்டில் ஏற்கெனவே ‘பின்னுருளல்’ இருக்கிறது. அதே பக்கத்தில் ‘பின்னுருட்டல்’ என்றும் எழுதினால் புதிதாக வருபவர் குழம்பாமல் என்ன செய்வார்? “மூன்று ஃபிரேம் பின்னுருட்டல்” என்று வர்ணனையாளர் சொன்னால் பாதிப் பேர் கதாபாத்திரம் உருண்டது என்றே நினைப்பார்கள். தவிர, இன்றைய பேச்சில் ‘உருட்டு’ என்றால் பொய் சொல்லிச் சமாளிப்பது. “ஆட்டம் உருட்டுது” என்று சொன்னால் ஏமாற்றுகிறது என்றுதான் காதில் விழும். ரோல்பேக் மீது ஏற்கெனவே இருக்கும் பழியே அதுதான். சொல்லும் அதற்குத் துணை போக வேண்டாம்.

அந்தப் பழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் சொல்லுக்கான காரணமே அதில்தான் இருக்கிறது. “ரோல்பேக் வந்ததும் ஆள் டெலிபோர்ட் ஆகிறான்” என்று பலர் குறைப்படுகிறார்கள். விளிம்பில் இது அதிகம் தெரியும். எதிராளி மேடைக்கு வெளியே கீழே விழுந்துகொண்டிருக்கிறார். “அவ்வளவுதான், போய்விட்டார்” என்று நான் கையைத் தளர்த்துகிறேன். அடுத்த நொடியே அவர் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறார். உண்மையில் அவர் சரியான நேரத்தில்தான் தாவினார். அந்தச் செய்தி எனக்கு வருமுன் ஆட்டம் “தாவவில்லை” என்று ஊகித்துக் காட்டிவிட்டது. பிறகு திருத்திக்கொண்டது. அவ்வளவுதான். தவறு ஊகத்தில், திருத்தியது ரோல்பேக். ‘பின்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் ஆட்டத்தைப் பின்னால் இழுத்த குற்றவாளியாகத்தான் அதைக் காட்டும். ‘பின்னோட்டம்’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அது ‘பின்னூட்டம்’ என்பதிலிருந்து ஒரே ஒரு எழுத்துதான் தள்ளி இருக்கிறது, பொருளிலும் பாதிதான் வருகிறது.

நான் முதலில் யோசித்தது ‘திருத்தோட்டம்’. திருத்தி ஓடுவது, பொருள் கச்சிதம். எழுதிப் பார்த்தால் கோயில் தோட்டம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன். ‘மீட்டமைப்பு’ என்றால் கைப்பேசி அமைப்புகளை அழித்துப் புதிதாக வைப்பது நினைவுக்கு வரும்.

அப்புறம்தான் ‘மீள்’ என்ற வேரிலேயே நின்றேன். “ஊர் மீண்டான்” என்றால் திரும்பி வந்தான். “மீண்டும் சொன்னான்” என்றால் மறுபடி சொன்னான். திரும்புவதும் மறுபடி செய்வதும் ஒரே வேரில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் இல்லாத அந்த இரண்டாம் பாதி நம் சொல்லில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மீள் + ஓட்டம் = மீளோட்டம். வினையாக்கினால் “ஆட்டம் மூன்று ஃபிரேம் மீளோடியது”. நாக்கில் தடங்கல் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கிறேன். ஸ்மாஷ் தொடரின் பழைய ஆட்டமான மெலீயில் மார்த் என்ற வாள்வீரனின் முன்பக்க ஸ்மாஷ் அடி 10ஆவது ஃபிரேமில்தான் படும். “மூன்று ஃபிரேம் மீளோட்டம் வந்தால் வாள் ஓங்கும் முதல் மூன்று ஃபிரேம் எதிராளிக்குத் தெரியாது, மீதி தெரியும்.” ஃபாக்ஸ் என்ற கதாபாத்திரத்தின் ‘ஷைன்’ என்னும் அடி முதல் ஃபிரேமிலேயே படும். “அதற்கு மீளோட்டம் வந்தால், அடி பட்ட பிறகுதான் திரையில் பார்ப்பீர்கள்.” இரண்டு வாக்கியமும் எனக்கு இயல்பாகவே படுகின்றன. நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘ரோல்பேக் நெட்கோட்’ என்ற கணினி சார்ந்த முழுப் பெயருக்கு ‘குறிமுறை’யெல்லாம் வேண்டாம். ‘மீளோட்ட இணைப்பு’, ‘காத்திருப்பு இணைப்பு’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஆட வருபவருக்குத் தெரிய வேண்டியது, தன் பொத்தான் காத்திருக்குமா, அல்லது ஆட்டம் மீண்டு ஓடுமா என்பதுதானே?

— — —

ஐயாவின் பதில்:

> உருளும் அசைவு இருப்பது எனக்குத் தெரியாது. அது ஒன்றே போதும், பின்னுருட்டலை இந்தத் துறைக்கு நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இரண்டு ஐயம். ‘மீளோட்டம்’ என்றதும் முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது என்று தோன்றாதா? அந்த ஆட்டங்களில் மேடைக்குத் திரும்பி வருவதை ‘மீட்சி’ என்று தம்பி எழுதியிருக்கிறாரே, அதோடு மோதாதா?

— — —

ஐயா, இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்.

முதல் ஐயம் நியாயமானது. மெலீயை இணையத்தில் ஆட உதவும் ஸ்லிப்பி என்ற மென்பொருளில் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் பதிவாகிறது. தோற்றவர்கள் அதைப் போட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். எனவே ரீப்ளேவுக்கும் அன்றாடம் ஒரு சொல் தேவை. அதற்கு ‘மறுகாட்சி’ என்று வைத்துவிடலாம். அங்கே மனிதர் உட்கார்ந்து பார்க்கிறார், எனவே காட்சி. இங்கே யாரும் பார்க்காமல் ஆட்டம் தனக்குள் ஓடுகிறது, எனவே ஓட்டம். முதலிலிருந்தே இரண்டையும் பிரித்துப் பழக்கினால் மோதாது.

ஸ்லிப்பி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மெலீ 2001இல் வந்தது. அதில் இணையத்தில் ஆடும் வசதியே கிடையாது. பழைய நிண்டெண்டோ ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரின் மேல் ரசிகர்கள் ஸ்லிப்பியைக் கட்டி, 2020 ஜூனில் அதற்கு மீளோட்ட இணைப்பைக் கொடுத்தார்கள். கொரோனாவால் யாரும் நேரில் ஒன்றுகூட முடியாத காலம் அது. 19 ஆண்டு பழைய ஆட்டத்தை ஆடுபவர்கள், புது ஆட்டத்தை ஆடுபவர்களைவிடச் சீராக இணையத்தில் ஆடினார்கள். இதற்கு முன்பே டோனி கேனன் சண்டை ஆட்டங்களுக்காக எழுதிய ஜிஜிபிஓ என்ற மீளோட்ட நிரல், 2019இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. தம்பி, கையேட்டில் வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் இந்த இரண்டும் விடுபடக் கூடாது.

இன்னொரு செய்தியையும் சேர்க்கலாம். ஒரே தொடக்க நிலையும் ஒரே பொத்தான்களும் கொடுத்தால், எந்தக் கணினியிலும் ஆட்டம் இம்மி பிசகாமல் ஒரே முடிவுக்கு வர வேண்டும். தற்செயலாக நடப்பது போலத் தோன்றுபவை உட்பட. இல்லாவிட்டால் மீண்டு ஓடும்போது இருவர் திரையிலும் இரண்டு வேறு ஆட்டங்கள் ஆகிவிடும். இதனால்தான் மீளோட்டத்தைப் பிறகு ஒட்டவைப்பது கடினம், முதலிலேயே திட்டமிட வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது உண்மைதான், மோதும். அங்கே மாற்ற வேண்டியது ‘மீட்சி’யை என்று நினைக்கிறேன். அடிபட்டு மேடைக்கு வெளியே பறந்தவர், காலடியில் எதுவுமே இல்லாத இடத்திலிருந்து, மிச்சமிருக்கும் ஒரு தாவலையும் மேல்நோக்கிய சிறப்பு அசைவையும் வைத்து எப்படியாவது விளிம்பைப் பிடிக்கப் பார்க்கிறார். இதைத் தமிழில் ‘கரையேறுவது’ என்றுதானே சொல்வோம்? கஷ்டத்திலிருந்து தப்புவதற்கும் நமக்கு அதே சொல்தான். “அவர் கரையேறும் வழிகள் இரண்டுதான், மேலே வருவார் அல்லது விளிம்புக்கு நேராக வருவார்” என்று எழுதினால் யாருக்கும் விளக்கமே தேவையில்லை. பெயர்ச்சொல் ‘கரையேற்றம்’. அப்படியானால் ‘மீள்’ முழுவதும் இணைப்புக்குக் கிடைத்துவிடும்.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

> மீளோட்டம்: எதிராளியின் உள்ளீட்டை ஊகித்து ஓடிய ஆட்டம், ஊகம் தவறியபோது சேமித்த நிலைக்குத் திரும்பி, வந்துசேர்ந்த உள்ளீட்டோடு அதே ஃபிரேம்களை மறுபடி ஓடி நிகழ்நேரத்தை எட்டுவது.

‘ஃபிரேம்’ அப்படியே இருக்கட்டும். ‘சட்டகம்’ நல்ல சொல்தான். ஆனால் ஆடுபவர்கள் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் சொல்லை நாம் மாற்றப் போனால், புதிதாகத் தருவதையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

தம்பி, அல்டிமேட் பற்றிய பகுதியில் ‘காத்திருப்பு இணைப்பு’ என்று போடுங்கள். பக்கத்திலேயே வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள். செய்தி சில நேரம் விரைவாகவும் சில நேரம் தாமதித்தும் வந்தால் எந்த முறையும் தடுமாறும். நான் ஒரு போட்டியில் அரையிறுதி வரை வந்து, எதிராளியின் வைஃபை விட்டுவிட்டு வந்ததால் கடைசி உயிரை எப்படி இழந்தேன் என்றே தெரியாமல் வெளியேறியிருக்கிறேன். அவர் மேல் தவறில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எதிராளி கரையேறாமல் விளிம்பில் தடுப்பதற்கு ‘விளிம்புக் காவல்’ சரியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தனி இழையில் தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.