வளையப் புரொப்பெல்லர் எங்கள் படகுகளுக்குப் பொருந்துமா?

கல்லடித் தோணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தகப்பனாரின் பத்தொன்பது அடி பைபர் படகில் 25 குதிரைவலு கொண்ட மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று பூட்டியிருக்கிறோம். மட்டக்களப்பின் பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடலுக்குப் போவதும், கடல் கடுமையாக இருக்கும் நாட்களில் வாவிக்குள்ளேயே வலை விடுவதும் அதே படகில்தான். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக ஏறியதிலிருந்து, பிடித்து வரும் மீனைவிட எரித்து வரும் எண்ணெயைப் பற்றியே வீட்டில் அதிகம் பேசுகிறோம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் என் மருமகன், இதழ்களுக்கு நுனியே இல்லாமல் ஒவ்வோர் இதழும் வளைந்து திரும்பி மீண்டும் நடுவில் தண்டில் பூட்டும் குடத்தோடு சேரும் ஒரு புதிய புரொப்பெல்லரின் காணொளியை அண்மையில் காட்டினான். சத்தம் குறைவு, அதிர்வு குறைவு, எரிபொருள் மிச்சம் என்று அதில் சொல்கிறார்கள். ட்ரோனுக்கும் அதே வடிவம் வந்திருப்பதாகவும், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அதை அச்சிட்டுத் தனது செயற்றிட்டத்தில் பூட்டிப் பார்க்கப் போவதாகவும் அவன் சொல்கிறான். படகுக்கு வரும் வளையப் புரொப்பெல்லர் விற்பனைக்கு வந்தபோது ஏறத்தாழ 5,000 டொலர் என்று அறிந்தேன். அந்தப் பணத்துக்கு இங்கே எஞ்சினே வாங்கிவிடலாம்.

இந்த வடிவத்தில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறதா, இருந்தால் எங்களைப் போன்றவர்களின் படகுக்கு அது எட்டுமா என்பதே என் கேள்வி. தகப்பனார் "விசிறி சுத்தினா போட் போகும், அதில என்ன புதுசு" என்று முடித்துவிட்டார். எனக்கு அவ்வளவு இலகுவாக முடிக்க மனமில்லை.

வாழைச்சேனைப் பட்டறை எழுதியது:

தம்பி, வளையப் புரொப்பெல்லரை நான் கையில் தொட்டதில்லை. ஆகவே அதைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். இருபது வருடங்களுக்கு மேலாகப் படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுபவன் என்ற வகையில், இப்போது உங்கள் படகில் இருக்கும் விசிறியைப் பற்றி முதலில் கேட்கிறேன்.

அதன் குடத்தில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற புரியிடைத்தூரம். என்னிடம் வரும் படகுகளில் பெரும்பாலானவை வெறும் படகுக்குப் பொருந்தும் பிட்ச்சோடு, வலையும் ஐஸ் பெட்டியும் நான்கு ஆட்களும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. எஞ்சின் திணறுகிறது, கைப்பிடியை முழுவதும் திருப்பினாலும் கையேட்டில் சொல்லப்பட்ட சுற்று வேகத்துக்கு அது ஏறுவதில்லை, எண்ணெய் மட்டும் போகிறது. ஏற்றத்தில் ஐந்தாம் கியரிலேயே லொறியை ஓட்டுவது போன்ற வேலை அது. பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடுதலாக ஏறும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

அடுத்தது, இதழின் விளிம்பைப் பாருங்கள். வாவியில் கல்லிலும் கட்டையிலும் அடிபட்டு ஓர் இதழ் சற்று வளைந்திருந்தாலே மூன்று இதழ்களும் மூன்று விதமாகத் தண்ணீரைத் தள்ளும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தியவற்றை நம்ப வேண்டாம். ஒரு முறை நானே அப்படித் தட்டிக் கொடுத்து, ஒரு மாதத்தில் அந்தப் படகின் சீல் போய், கியர்ப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியது. அதற்குப் பிறகு அளவுத் தகடு வைத்துப் பார்க்காமல் எந்த இதழையும் நிமிர்த்துவதில்லை.

கல்முனைப் பொறியியல் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தகப்பனாரின் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

திருகு வடிவ உந்தி, அதாவது புரொப்பெல்லர், கப்பலுக்கு வந்த காலத்திலேயே அதன் வடிவம் தற்செயலாகத்தான் திருந்தியது. 1837இல் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித் என்பவர் லண்டனில் ஒரு கால்வாயில் மரத்தாலான நீண்ட திருகு ஒன்றைப் பூட்டிப் படகோட்டியபோது, அது எதிலோ அடிபட்டுப் பாதி உடைந்து போனது. மிச்சப் பாதியோடு படகு முன்னைவிட வேகமாக ஓடியது. நீர் இறைக்கும் ஆர்க்கிமிடீசின் திருகைப் போல நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதோடு தளர்ந்தது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறப்பதற்கு முன் கப்பல் உந்தியின் கணக்கைக் கடன் வாங்கலாம் என்று தேடியபோது, பயன்படக்கூடிய கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே புரொப்பெல்லரைச் சுழலும் இறக்கை என்று கருதித் தாங்களே கணித்தார்கள். இன்று வரை வந்த நல்ல வடிவங்கள் எல்லாம் அந்தக் கருத்திலிருந்தே கிளைத்தவை.

இறக்கை என்றால் அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் கூட, மறுபக்கத்தில் குறைவு. நுனியில் இந்த இரண்டு பக்கங்களும் சந்திப்பதால், கூடிய அழுத்தப் பக்கத்திலிருந்து நீரோ காற்றோ நுனியைச் சுற்றி மறுபக்கத்துக்கு வழிந்து ஒரு சுழிப்பாக உருண்டு பின்னே போகிறது. அந்தச் சுழிப்பில் போகும் சக்தி நாங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தி. வளைய வடிவத்தில் இதழின் நுனி தனியே நிற்காமல் அடுத்த பகுதியோடு சேர்ந்துவிடுவதால், அந்தச் சுழிப்பு ஒரே இடத்தில் திரண்டு கிளம்பாமல் வளைவு முழுவதும் பரவி மெலிகிறது. அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வுகூடத்தினர் ட்ரோனுக்காகச் செய்த வளையப் புரொப்பெல்லருக்கு 2020இல் காப்புரிமை கிடைத்தது. மனிதக் காது கூர்மையாக உணரும் அதிர்வெண்களில் சத்தம் குறைவதையே அவர்கள் முதன்மையாகச் சொன்னார்கள். ஆகவே முன்னேற்றம் உண்மைதான்.

ஆனால் "பரவி மெலிகிறது" என்று எழுதினேனே தவிர, "இல்லாமற் போகிறது" என்று எழுதவில்லை. எந்த உந்தியும் முன்னே தள்ள வேண்டுமானால் நீரைப் பின்னே எறிந்தே ஆக வேண்டும். குறைந்த நீரை வேகமாக எறிவதைவிட அதிக நீரை மெதுவாக எறிவதே சிக்கனம்; ஏனெனில் கிடைக்கும் தள்ளுவிசை எறியும் வேகத்துக்கு ஏற்பக் கூடுகிறது, வீணாகும் சக்தியோ அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வடிவத்தை எப்படி மடித்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பெரிய விட்டமும் மெதுவான சுழற்சியும் பொதுவாக நல்லது என்பது இதனால்தான். வாவி பல இடங்களில் ஆளுயரத்தைத் தாண்டாததாலும், எஞ்சினில் விசிறிக்கு மேலே இருக்கும் தட்டுக்குக் கீழே உள்ள இடைவெளி அளவானது என்பதாலும் உங்களுக்கு விட்டத்தைக் கூட்டும் வழி இல்லை. அப்படி விட்டம் கட்டுப்பட்ட படகில் வளைய வடிவம் கொஞ்சம் மிச்சம் தரக்கூடும். விற்பவர்களும் நடுத்தர வேகத்திலேயே அதிக நன்மை என்கிறார்கள். ஆனால் பிட்ச் பொருந்தாத படகில் முதல் வேலை பிட்ச்சைத் திருத்துவதுதான்.

நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் மருமகனுக்குச் சொல்லிவையுங்கள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் படகின் இதழ் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. இதழின் முதுகுப் பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்தால் நீர் கொதித்துவிடும். எங்கள் கடலின் 30 பாகை வெப்பநிலையில் அழுத்தம் சாதாரண வளிமண்டலத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கினால் போதும். அந்த நீராவிக் குமிழிகள் மீண்டும் உடையும்போது உலோகத்தையே கொத்திக் குழியாக்குகின்றன. சார்ள்ஸ் பார்சன்ஸ் 1890களில் தமது ரேர்பீனியா கப்பலில் ஒரே தண்டை வேகமாகச் சுழற்றி இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களைப் பூட்டியே 34 நொட் (மணிக்கு 34 கடல் மைல்) வேகத்தை எட்டினார். காற்றில் கொதிப்பு இல்லை. அங்கே நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதுதான் எல்லை. அதனால் வேகமான விமானங்களின் புரொப்பெல்லர் இதழ்கள் இன்று அரிவாளைப் போலப் பின்னோக்கி வளைந்து வருகின்றன. ஏ400எம் விமானத்தில் எஞ்சினுக்கு எட்டு இதழ்கள்.

விமானத்தில் வளைய வடிவம் எளிதில் நுழையாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய புரொப்பெல்லர் விமானங்களில் பறக்கும்போதே இதழைத் திருப்பிப் பிட்ச்சை மாற்றுகிறார்கள்; ஏறும்போது ஒன்று, நேராகப் பறக்கும்போது வேறொன்று. இரண்டு அடிகளால் குடத்தைப் பிடித்திருக்கும் வளையத்தை அப்படித் திருப்ப முடியாது. என் கணிப்பில் கடந்த நூறு ஆண்டுகளில் புரொப்பெல்லருக்கு வந்த மிகப் பெரிய முன்னேற்றம் வடிவத்தில் வரவில்லை, பறக்கும்போதே பிட்ச்சை மாற்ற முடிந்ததில்தான் வந்தது. படகு எஞ்சினில் அந்த வசதி இல்லாததால் நாங்கள் கரையிலேயே சரியான ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஒலுவில் கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பொறியியல் தம்பி சக்தியின் கணக்கைச் சொன்னார். நான் வலையின் கணக்கைச் சொல்கிறேன். இப்போதுள்ள விசிறியில் வலைத் துண்டோ ஆற்றுவாழையோ சுற்றினால் பின்னோக்கி இரண்டு சுற்றுக் கொடுத்துப் பார்க்கலாம்; முடியாவிட்டால் எஞ்சினைத் தூக்கிக் கத்தியால் அறுக்கலாம், நுனிப்பக்கம் திறந்திருப்பதால் மிச்சம் வழுகி வந்துவிடும். வளையத்தின் ஓட்டைக்குள் தங்கூசி நுழைந்து சுற்றிக்கொண்டால் நடுக்கடலில் அதை எப்படி எடுப்பது என்று அந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே யோசித்தேன். பாறையில் அடிபட்டு வளையம் நெளிந்தால் அதை நிமிர்த்தித் தரும் பட்டறை எது? உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். வலைத் தொழிலுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

கல்லடித் தோணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் கேட்டதைக் கடந்த இரு வாரங்களில் செய்து பார்த்தேன். எங்கள் விசிறியின் பிட்ச் 13 அங்குலம். ஓர் இதழின் விளிம்பு கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளைந்திருந்தது. நண்பரிடம் எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் சுற்றளவி ஒன்றை இரவல் வாங்கி, வழக்கமான பாரத்தோடு கல்லடிப் பாலத்திலிருந்து தெற்கே முழு வேகத்தில் ஓடியபோது எஞ்சின் 4,500 சுற்றுக்கு மேல் ஏறவில்லை; எங்கள் எஞ்சின் கையேட்டின்படி அது குறைந்தது 5,000 சுற்றுக்கு ஏற வேண்டும். கியர் விகிதம் 2.08க்கு 1 என்பதால் நழுவல் இல்லாவிட்டால் படகு 23 நொட் ஓடியிருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டியது 15. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நழுவுகிறது என்று தகப்பனாரிடம் சொன்னேன். "அப்ப மூண்டு லீற்றர்ல ஒரு லீற்றர ஆத்துல ஊத்துறம்" என்றார். நழுவலும் வீணும் ஒன்றல்ல, நழுவல் இல்லாமல் உந்தவே முடியாது என்று விளக்கியும் அவர் அந்த வசனத்தை விடவில்லை.

அதன் பிறகு அறிந்தவர் ஒருவரிடமிருந்து 11 அங்குலப் பிட்ச் கொண்ட, பாவித்த ஆனால் வளையாத விசிறி ஒன்றை வாங்கிப் பூட்டினோம். இப்போது அதே பாரத்தோடு எஞ்சின் 4,950 வரை ஏறுகிறது, படகு 16 நொட் ஓடுகிறது, நழுவல் ஏறத்தாழ 26 வீதம். அளவுகோடு போட்ட கலனில் பார்த்தபோது, முன்பு ஒன்பது லீற்றர் போன அதே பயணத்துக்கு எட்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே போனது. ஒரேயொரு நாள் அளந்தது. காற்றும் நீரோட்டமும் அன்று சாதகமாக இருந்திருக்கலாம்.

மருமகன் வளையப் புரொப்பெல்லரை அச்சிட்டு ட்ரோனில் பூட்டினான். சத்தத்தின் தன்மை மாறியது உண்மை, அந்தக் கீச்சொலி குறைந்தது. ஆனால் மின்கலம் முன்னைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. ஏன்?

கல்முனைப் பொறியியல் எழுதியது:

வளையத்தில் பிளாஸ்ரிக் அதிகம் என்பதால் எடை கூடும். நீரிலோ காற்றிலோ உரசும் மேற்பரப்பும் கூடும். அந்தச் சிறிய அளவில் உரசலால் போகும் சக்தி, நுனிச் சுழிப்புக் குறைவதால் மிச்சமாகும் சக்தியைத் தாண்டிவிடலாம். அச்சு அடுக்குகளின் படிகளைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு, இரண்டு புரொப்பெல்லர்களும் ஒரே தள்ளுவிசையைத் தரும் நிலையில் மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். சமையலறைத் தராசில் மோட்டாரைத் தலைகீழாகக் கட்டினால் தள்ளுவிசையைக் கிராமில் வாசிக்கலாம். ஒரே சுற்று வேகத்தில் ஒப்பிட்டால் முடிவு பிழைத்துவிடும். விரலையும் கண்ணையும் காக்க முன்னால் ஒரு மறைப்பு வைக்கச் சொல்லுங்கள். அச்சிட்ட இதழ் உடைந்து பறப்பது விளையாட்டல்ல.

வாழைச்சேனைப் பட்டறை எழுதியது:

தம்பி, சந்தோஷம். 5,000ஐத் தொட இன்னும் 50 சுற்றுத்தான் இருக்கிறது. படகின் அடியில் ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டினால் அதுவும் ஏறும். பழைய 13 அங்குல விசிறியை எறிய வேண்டாம். நிமிர்த்தி எடுத்தால் பாரமில்லாத நாட்களில் உதவும். இல்லாவிட்டாலும் கடலில் உதிரியாக இருக்கட்டும். அதோடு இரண்டு சாவி ஆணியும் ஒரு குறடும் எப்போதும் படகில் வையுங்கள், பூட்டும்போது தண்டுக்கு கிரீஸ் பூச மறக்க வேண்டாம். உப்பில் இறுகிய குடத்தைக் கழற்றித் தரச் சொல்லி மாதத்துக்கு இருவராவது என்னிடம் வருகிறார்கள்.