ரீச் டெஸ்ட் ஃபெயில், வெள்ளிக்கிழமை கன்டெய்னர் – அவசரம்

பனியன்தம்பி:
ஜெர்மனி பையருக்கு 12,000 டி-சர்ட். லேப் ரிப்போர்ட்டில் ரீச் ஃபெயில் என்று வந்திருக்கிறது. துணியை மறுபடி வாஷ் செய்தால் பாஸ் ஆகிவிடுமா? வெள்ளிக்கிழமை கன்டெய்னர். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நூல்கண்டு:
எதில் ஃபெயில்? ரீச் என்பது ஐரோப்பாவின் ரசாயன விதித் தொகுப்பு, ஒரே டெஸ்ட் இல்லையே. சாயமா, சோப்பா, பட்டனா, பிரிண்டா?

சாயப்பட்டறை அண்ணாச்சி:
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் ஓடி வந்துவிடுகிறார்கள். கறுப்பு அல்லது சிவப்புத் துணியாக இருந்தால் ஆசோ சாயம்தான், வேறு யோசனையே வேண்டாம். அது உடைந்து வரும், தடை செய்த அமீன் ரசாயனம் ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. டையிங்கைக் கேளுங்கள்.

ஈரத்துணி:
எனக்கு என்பிஇ என்ற சோப்பு ரசாயனத்தின் மேல்தான் சந்தேகம். 2021 பிப்ரவரியிலிருந்து தண்ணீரில் துவைக்கும் துணியில் 0.01 சதவீதம் இருந்தாலே அங்கே விற்க முடியாது. துணியை அலசிச் சுத்தம் செய்யும் ஸ்கவரிங் சோப்பிலிருந்து வரும். அதுவாக இருந்தால் நல்ல வாஷ் கொடுத்துக் குறைக்கலாம். எந்த சோப்பு போடுகிறார்கள்?

லேப்மேசை:
தம்பி, ஃபெயில் என்று போட்டிருக்கும் வரியை அப்படியே இங்கே எழுதுங்கள். எந்த இடத்தில் வெட்டி எடுத்த சாம்பிள் என்பதும் அதே வரியில் இருக்கும்.

பனியன்தம்பி:
மன்னிக்கவும், பதட்டத்தில் விட்டுவிட்டேன். நெஞ்சில் இருக்கும் வெள்ளை ரப்பர் பிரிண்ட். டிஇஹெச்பி என்ற தாலேட், பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெயாம், 4,200 மி.கி./கி.கி. வரம்பு 1,000. ஆனால் டிஇஹெச்பி என்ற பொருளையே நாங்கள் வாங்குவதில்லை. பிரிண்ட் பேஸ்ட் டப்பாவிலேயே தாலேட் இல்லாதது என்று போட்டிருக்கிறது.

நூல்கண்டு:
டி-சர்ட் 180 கிராம், பிரிண்ட் 6 கிராம் என்று வையுங்கள். மொத்த எடைக்குக் கணக்குப் போட்டால் 0.014 சதவீதம்தான் வரும். லேப்காரர்களிடம் அப்படிக் கேட்டுப் பாருங்களேன்.

லேப்மேசை:
அது செல்லாது. 2020 ஜூலை 7 முதல் நடப்பில் இருக்கும் விதி, பிளாஸ்டிசைசர், அதாவது அந்த இளக்கும் எண்ணெய், கலந்த பாகத்தை மட்டும்தான் எடை போடச் சொல்கிறது. அச்சிட்ட டிசைன் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வாஷ் செய்தாலும் பயனில்லை, படலத்துக்குள் இறங்கிய எண்ணெய் அது.

எண்ணைக் கவனியுங்கள். பேஸ்ட்டே தாலேட் கலந்த பழைய வகையாக இருந்தால் ரிப்போர்ட்டில் லட்சக்கணக்கில் வந்திருக்கும். 4,200 என்றால் 25 கிலோ டப்பாவுக்கு 105 கிராம், ஏறக்குறைய ஒரு டம்ளர். யாரோ ஊற்றியிருக்கிறார்கள். பேஸ்ட் இறுகும்போது பிரிண்டிங் மாஸ்டர் எதை விட்டு இளக்குகிறார்?

பனியன்தம்பி:
கேட்டேன். டிஓபி கொஞ்சம் விடுவாராம். அது வேறுதானே?

சாயப்பட்டறை அண்ணாச்சி:
வேறுதான். டிஓபி என்றால் டை ஆக்டைல் தாலேட், சிஏஎஸ் எண் 117-84-0. அதற்குத் தடை வாயில் வைக்கக்கூடிய பொம்மைகளிலும் குழந்தைப் பராமரிப்புப் பொருள்களிலும் மட்டும். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குத் தெரியும்.

லேப்மேசை:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது டிஎன்ஓபி. நம் ஊர் டிரம்மில் டிஓபி என்ற பெயரில் வருவது பெரும்பாலும் 117-81-7, அதாவது டிஇஹெச்பியேதான். கடையில் ஒரு பெயர், ரிப்போர்ட்டில் ஒரு பெயர். தம்பி, பெயரை விடுங்கள், டிரம்மில் ஒட்டிய சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள், ஒரு ரசாயனத்துக்கு உலகம் முழுக்க ஒரே எண் அது. டிஓடிபி என்று இன்னொன்றும் உண்டு, 6422-86-2. அது இந்தத் தடையில் வராது. நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதனால் வாயால் ஆர்டர் சொல்லாதீர்கள், எண்ணை எழுதிக் கொடுங்கள்.

சாயப்பட்டறை அண்ணாச்சி:
டிரம்மைப் பார்க்காமல் நீங்களும் நானும் பேசி என்ன ஆகப்போகிறது. பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஈரத்துணி:
அச்சடித்த பீஸ்களைத் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் தள்ளிவிடலாம். இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

நூல்கண்டு:
என் பிள்ளைக்கு நான் துணி எடுப்பதே காதர்பேட்டையில்தான். இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் என்று அவர்கள் பட்டியல் போட்ட பொருள். அவர்கள் பிள்ளைக்கு ஆகாதது நம் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

ஈரத்துணி:
12,000 பீஸ் நஷ்டத்தை யார் தாங்குவது? சின்ன யூனிட் மூடிவிடும். வட்டி கட்டிய வலி தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

நூல்கண்டு:
அந்த வலி எனக்கும் தெரியும். பிரிண்ட் இருக்கும் முன்பாகத்தை மட்டும் மாற்றித் தைக்கலாம், அதில் துணியாவது மிஞ்சும். டிரம்மிலிருந்து வெறுங்கையால் டம்ளரில் மொள்ளும் அந்த மாஸ்டரையும் யோசியுங்கள், தினமும் தொடுவது அவர்தான்.

லேப்மேசை:
மறுபடி அச்சடிக்கும் முன் ஸ்கிரீன், பேஸ்ட்டை இழுக்கும் ஸ்க்வீஜி, கலக்கும் வாளி எல்லாவற்றையும் கழுவுங்கள், வாளியைப் புதிதாகவே வாங்கிவிடுவது நல்லது. 25 கிலோவில் 25 கிராம் தாண்டினால் மறுபடி ஃபெயில். அது இரண்டு டேபிள் ஸ்பூன்கூட இல்லை.

பனியன்தம்பி:
டிரம்மில் 117-81-7. மாஸ்டர் டப்பாவுக்கு ஒரு டம்ளர் விட்டது உண்மைதான். பையரிடம் சொல்லிப் பத்து நாள் வாங்கியிருக்கிறோம். முன்பாகம் மாற்றித் தைக்கிறோம். டிரம்மைத் திருப்பி அனுப்பியாயிற்று. புது சாம்பிள் லேப்புக்குப் போயிருக்கிறது. லேப்மேசை அண்ணா, நன்றி.

நூல்கண்டு:
பழைய முன்பாகங்களை என்ன செய்தீர்கள்?

நூல்கண்டு:
தம்பி?