குளக்கரைப் பூங்கா லோகோ: அது பூவரச இலையா, அரச இலையா?

பூவரசம்பீப்பீ:
தென்சென்னையில் எங்கள் பகுதிக் குளக்கரைப் பூங்காவுக்குத் தான் செய்த லோகோ, மூன்று மடிப்புத் துண்டறிக்கை, மரங்களுக்கான பெயர்ப்பலகை, பை எல்லாவற்றையும் மைக்கூடு நேற்று இங்கே படமாகப் போட்டிருந்தார். கூடவே, "இந்த மண்ணின் பூவரச இலையை இவ்வளவு உண்மையாகக் காட்டும் பூங்கா லோகோ வேறெங்கும் இல்லை" என்று ஒரு வரி. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த இலையின் நுனியைப் பாருங்கள், வால் போல நீண்டு தொங்குகிறது. அது அரச இலை. பூவரச இலை நுனியில் கூராக முடியும், வால் கிடையாது. சின்ன வயதில் அதைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளக்கரையில் இருக்கும் 14 மரமும் பூவரசு. லோகோவில் மட்டும் அரசு எங்கிருந்து வந்தது?

மைக்கூடு:
ஐயா, லோகோ என்பது தாவரவியல் பாடப்படம் இல்லை. கனடா கொடியில் 1965 முதல் இருக்கிற மேப்பிள் இலைக்கு 11 முனைதான். நிஜமான சர்க்கரை மேப்பிள் இலையில் அதைவிட அதிகம். நியூயார்க் நகரப் பூங்காத் துறையின் இலைச் சின்னம் லண்டன் பிளேன் இலையும் மேப்பிள் இலையும் கலந்த ஒன்று. அங்கே யாரும் மரத்தடியில் நின்று சண்டை போடவில்லை.

வால் ஏன் வந்தது என்பதையும் சொல்கிறேன். முதல் வரைவில் வால் இல்லை. பச்சை நிறத்தில் அதைப் பார்த்த ஐந்து பேரில் மூன்று பேர், "இருதய நோய் முகாமா?" என்று கேட்டார்கள். வாலைக் கொஞ்சம் இழுத்த பிறகுதான் எல்லோருக்கும் அது இலையாகத் தெரிந்தது.

பூவரசம்பீப்பீ:
இலையாகத் தெரிந்தது, சரி. எந்த இலையாக? அரச இலையாக! நான் சொல்வதும் அதுதானே. "இவ்வளவு உண்மையாக" என்று எழுதியது நீங்கள், நான் இல்லை. கனடாக்காரர் தன் கொடியில் இருப்பது இன்ன மரத்தின் இலை, அச்சு அசல் என்று எழுதி வைக்கவில்லை.

இதயம் போலத் தெரிந்தால் நரம்பைப் போட்டிருக்கலாமே. பூவரச இலையில் நரம்புகள் காம்பு சேரும் இடத்திலிருந்தே விசிறி போலப் பிரியும். அரச இலையில் நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் கிளை கிளையாகப் போகும். அந்த விசிறியைப் போட்டிருந்தால் வாலே தேவைப்பட்டிருக்காது.

மடிப்புத்தாள்:
நான் அச்சகம் நடத்துகிறவன். நரம்பு போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. துண்டறிக்கை ஆஃப்செட்டில் ஓடும், அதில் மெல்லிய கோடு நிற்கும். அதே லோகோ பையில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் 2 சென்டிமீட்டருக்கு வரும்போது நரம்புக்கு நடுவே மை புகுந்து அடைத்துவிடும். ஏழு நரம்பு போட்டால் ஒரு பச்சைத் திட்டுதான் மிஞ்சும். இந்த விஷயத்தில் மைக்கூடு செய்தது சரி.

ஆனால் அந்தப் பச்சை சரி இல்லை. திரையில் பார்க்கிற அந்தப் பளீர்ப் பச்சை நான்கு வண்ண அச்சில் வராது. மங்கிப் பாசி நிறத்துக்குப் போகும். அந்தப் பச்சைதான் வேண்டுமென்றால் தனி மை வாங்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பார்த்தீர்களா?

மைக்கூடு:
எடுத்தோம். பளபள ஆர்ட் பேப்பர் வேண்டாம் என்று, மேல்பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் போனதால் மை கொஞ்சம் உள்ளே இறங்கியது. அது தெரிந்தே எடுத்த முடிவு. மேலே பிளாஸ்டிக் லேமினேஷன் ஒட்டிய பளபளத் தாளில் "பசுமையைக் காப்போம்" என்று அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பூவரசம்பீப்பீ:
தாளுக்கு இவ்வளவு மனசாட்சி பார்த்தவர் இலைக்குக் கொஞ்சம் பார்த்திருக்கலாம். வால், மைக்கூடு, வால். அதற்குப் பதில் வரவில்லை.

கரைவாசி:
எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். பூங்கா என்றால் இலைதான் போட வேண்டுமா? நியூயார்க்கில் பழைய சரக்கு ரயில் மேம்பாலத்தைத் தோட்டமாக மாற்றி 2009இல் முதல் பகுதியைத் திறந்தார்களே, ஹை லைன். அதன் லோகோவை வடிவமைப்பாளர் பவுலா ஷெர் செய்தார். ஆங்கில ஹெச் எழுத்துக்கு நடுவில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு, பார்த்தால் தண்டவாளம். அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்பது அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. நம்முடையது குளம். படித்துறை இருக்கிறது, மதகு இருக்கிறது. படிக்கட்டை வைத்து "கு" எழுத்தைச் செய்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

பூவரசம்பீப்பீ:
படிக்கட்டு எந்தக் குளத்துக்கும் இருக்கும். 14 பூவரசு எந்தக் குளத்துக்கு இருக்கிறது? ஆங்கிலேயனே இந்த மரத்துக்கு நம் பெயரைத் திரித்துத்தான் போர்ஷியா என்று வைத்தான். அப்படிப்பட்ட மரத்துக்கு நம் ஊர்க்காரர் கையாலேயே வேறு மரத்தின் வால்!

மைக்கூடு:
ஐயா, தாவரவியல் பெயரையும் பாருங்கள். தெஸ்பீசியா பாபுல்னியா. பாபுல்னியா என்றால் பாப்லர் மரத்தைப் போன்றது என்று பொருள். பெயர் வைத்தவரே இன்னொரு மரத்தின் சாயலைச் சொல்லித்தான் வைத்திருக்கிறார். நான் சாயல் காட்டியது மட்டும் குற்றமா?

பூவரசம்பீப்பீ:
பாப்லருக்கும் அரச மரத்து வால் கிடையாது.

நாலாவது_தெரு:
வாலை விடுங்கள். துண்டறிக்கையின் முகப்பில் "பூங்கா" என்பதை அந்தத் தடித்த எழுத்துருவில் சின்னதாகப் போட்டதில் பூவின் சுழி அடைத்துப்போய் "புங்கா" என்று இருக்கிறது. என் பெண் "புங்கமரப் பூங்காவாப்பா?" என்று கேட்டாள். தமிழுக்கென்று வடிவமைத்த நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இருக்க, ஆங்கிலத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக எதற்கு இப்படிக் கண் அடைத்த எழுத்து? வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே இருக்கிறது. மேல் வரியின் கீழ்ச்சுழி கீழ் வரியின் கொம்பில் இடிக்கிறது.

மைக்கூடு:
எழுத்து விஷயத்தை ஏற்கிறேன், அடுத்த அச்சில் மாற்றுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு நான் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எட்டு வாரம் சனி, ஞாயிறு எல்லாம் இதற்கே போனது. கூட்டத்துக்கு வரச் சொல்லி மூன்று முறை அழைத்தோம். அப்போது வராதவர்கள் அச்சாகி வந்த பிறகு பூதக்கண்ணாடியோடு வருகிறார்கள்.

பூவரசம்பீப்பீ:
என்னைத்தான் சொல்கிறீர்கள், தெரிகிறது. இரண்டாவது கூட்டத்துக்கு நான் வந்தேன். கையில் நான்கு பூவரச இலையோடு வந்தேன். "வடிவமைப்பு முடிந்துவிட்டது, இது தகவலுக்கு மட்டும்" என்று சொல்லி உட்கார வைத்தீர்கள். அந்த இலைகள் காய்ந்து இன்னும் என் வீட்டு நாட்குறிப்பில் இருக்கின்றன. காசு வாங்காமல் செய்தால் அரச இலை பூவரச இலை ஆகிவிடுமா?

மடிப்புத்தாள்:
அந்தப் பை பற்றி யாருமே கேட்கவில்லை. படத்தில் பார்த்தால் துணிப்பை மாதிரித் தெரியவில்லை, நான்-வோவன் மாதிரி இருக்கிறது. அது பாலிபுரோப்பிலீன், துணி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது.

மைக்கூடு:
பருத்திதான் சார், கஞ்சி போட்ட காடாத் துணி. படத்தில் அப்படித் தெரிகிறது.

மடிப்புத்தாள்:
நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

கரைவாசி:
எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் பேசலாமா? நான் சொன்ன படித்துறை யோசனைக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பூவரசம்பீப்பீ:
படித்துறை பிறகு. ஐந்தாயிரம் துண்டறிக்கை. ஐந்தாயிரம் வீட்டில் பிள்ளைகள் அதைப் பார்த்து "இது பூவரச இலை" என்று படிக்கப் போகிறார்கள். அப்புறம் குளக்கரைக்கு வந்து, வால் இல்லாத இலையைக் கையில் எடுத்து, "இது என்ன மரம்?" என்று கேட்பார்கள். காலையில் மஞ்சளாகப் பூத்து, வாட வாடச் சிவந்து உதிரும் பூ அது. அந்தப் பூவை வைத்தே ஒரு லோகோ செய்திருக்கலாம். இரண்டு நிறத்தையும் மரமே கொடுத்திருக்கிறது. அதைக் கண்ணில் கண்டவர் வாலை வரைந்திருக்க மாட்டார்.

மைக்கூடு:
தினமும் காலை ஆறு மணிக்கு அந்த மரத்தடியில்தான் நடக்கிறேன் ஐயா. கண்டதில்லை என்று சொல்லாதீர்கள்.

பூவரசம்பீப்பீ:
அப்படியானால் நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன். ஒரே ஒரு இலையில் வாலைக் காட்டுங்கள்.

மைக்கூடு:
வாருங்கள். முதல் வரைவின் அச்சையும் கொண்டு வருகிறேன். நடக்க வருகிறவர்களிடம் நீங்களே காட்டி, இது இலையா இதயமா என்று கேளுங்கள்.

நாலாவது_தெரு:
"புங்கா"வையும் கொண்டு வாருங்கள்.